சம்புடம் என்றால் மாமா

யூகலிப்டஸ் தைல வாசனையோடு சேனாதிபதிக்கு ஒரு விரோதமும் கிடையாது, அது ஜலதோஷக்காரன் மூக்கோடு நிற்கிறவரை. டாக்டர் கந்தவேலின் அறையில் அது திரைச்சீலையிலிருந்து வந்தது, சோபாவிலிருந்து வந்தது, டாக்டர் நீட்டிய கையிலிருந்தும் வந்தது. குலுக்கிய கையை வேட்டியில் துடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பழனியில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, போலீசில் கொஞ்ச காலம் குப்பை கொட்டி, பிறகு சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்த மனிதர் சேனாதிபதி. பொய் பேசுகிற இடத்துக்குள் நுழைந்தால் மூளைக்கு எட்டுமுன் மூக்கு சுளித்துவிடும்.

"இவர் யாரு மிஸ்டர் சேனாதிபதி?" என்றார் டாக்டர்.

"நசுருதீன். எனக்கு உதவியா இருக்கான்."

"உதவின்னு அவுக சொல்றாக, சம்பளம்னு நான் சொல்றேன். ரெண்டும் இன்னும் சந்திச்சுக்கல," என்றான் நசுருதீன். ஆள் ஒல்லி, வாய் மட்டும் ரெண்டு ஆளுக்குச் சமம்.

வந்த விஷயம் இதுதான். இந்த மலை ஊரில் ஏரிக்கு மேலே இருக்கும் பங்களா சுந்தராம்பாளுடையது. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்துச் செழித்த குடும்பம். மகள் கல்யாணத்துக்கென்று அந்த அம்மாள் பீரோவில் வைத்திருந்ததாகச் சொன்ன வைரத் தோடு முந்தாநாள் காணாமல் போயிற்று. டாக்டர் கந்தவேல் அந்தக் குடும்பத்தின் சிநேகிதர், மனோதத்துவ நிபுணர். பங்களாவில் இருந்த எல்லோரையும் நேற்று உட்கார வைத்துப் பரிசோதித்தார். திருடி யார் என்று கண்டுபிடித்தும்விட்டார். வேலைக்காரப் பெண் ரபியா. கூட்டாளி, பஜாரில் உருளைக்கிழங்குக் கடை வைத்திருக்கும் அவள் மாமா சம்சுல் ஆலம். சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து வந்து இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். ரபியாவுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு படிக்க இடம் கிடைத்திருந்தது. ஸ்டேஷன் வாசலை மிதித்துவிட்டால் அந்த இடம் போச்சு, அதற்குப் பிறகு எந்த இடமும் கிடையாது. சம்சுல் ஆலம் காலையில் கடையைப் பூட்டிவிட்டு சேனாதிபதியிடம் ஓடி வந்திருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார் சேனாதிபதி.

இதற்காகவே காத்திருந்ததுபோல டாக்டர் சோபாவில் சாய்ந்தார். பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். பற்றவைக்கவும் இல்லை, வாயிலிருந்து எடுக்கவும் இல்லை. பேச்சு முழுக்க அந்தப் பைப்பைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தது.

"மனித சுபாவங்கறது பெரிய சப்ஜெக்ட். நம்ம ஊர்ல வாதம், பித்தம், கபம்னு மூணு பொட்டலமாக் கட்டிட்டாங்க. மேல்நாட்டுல எங்கேயோ போயிட்டாங்க. ஒரு கட்சி உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லும். உருண்டை உடம்பு சாப்பாட்டுப் பிரியன். கட்டுடம்பு முரடன். குச்சி உடம்பு எதையும் உள்ளே ஒளிச்சு வைக்கிற ஆசாமி."

"நேத்து நிக்காஹ் வீட்டுல ரெண்டு பந்தி உக்காந்தேன். அது எந்த உடம்பு பண்ணுன வேலைன்னு தெரியலியே," என்றான் நசுருதீன்.

டாக்டர் அவனைச் சட்டை செய்யவில்லை. "இன்னொரு கட்சி மனுஷங்களை ரெண்டாப் பிரிக்கும். வெளியே பார்க்கிறவன், தன் உள்ளே பார்க்கிறவன்."

"மூணாவது ஒண்ணு இருக்கு டாக்டரய்யா. அடுத்த வீட்டுக்குள்ள பாக்குறவன்."

டாக்டர் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். காகிதத்தில் மையைக் கொட்டி, இரண்டாக மடித்துப் பிரித்ததுபோல ஒரு கறை. "இதுல என்ன தெரியுது?"

"சால்னா கொட்டுன சட்டை," என்றான் நசுருதீன்.

"பசி. திருப்தியடையாத குழந்தைப் பருவம்." டாக்டர் அட்டையை சேனாதிபதி பக்கம் திருப்பினார். "உங்களுக்கு?"

"மை."

"கற்பனை வறட்சி," என்று இரக்கத்தோடு சொன்னார் டாக்டர். "இதெல்லாம் மேலோட்டம் சார். அடியில ஆழ்மனசு இருக்கு. அதுல என்ன கிடக்குதுன்னு அந்த ஆளுக்கே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. நான் வெளியே எடுத்துக் காட்டறேன். ஒரு சொல்லைச் சொல்வேன், அதைக் கேட்டதும் மனசுல தோணற சொல்லை உடனே சொல்லணும். தயங்கினா அந்த இடத்துல ஏதோ புதைஞ்சிருக்குன்னு அர்த்தம். எல்லாத்துக்கும் டக்டக்குன்னு பதில் சொன்ன பெண், ஒரு சொல்லுக்கு மட்டும் திகைச்சுப் போனா. முகம் வெளிறிப் போச்சு. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? மாமா. பொருளை எங்கே சேர்த்தாங்கறதை அவளே சொல்லிட்டா."

"அது என்ன சொல்?"

"அது தொழில் ரகசியம்."

டாக்டர் புன்னகை செய்தார். சேனாதிபதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். ஊரில் குறி சொல்கிறவன்கூடக் கோழியை வாங்கிக்கொண்டு பரிகாரமாவது சொல்வான். இந்த ஆசாமி ஒரு பெண்ணின் பிழைப்பை வாயில் போட்டு மென்றுவிட்டு, ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

வெளியே வந்ததும், "அண்ணே, இந்த ஆளு வீட்டுல காப்பி குடுத்தாக்கூட நான் குடிக்க மாட்டேன்," என்றான் நசுருதீன். "அவரு கேட்டாரு, புள்ள பதில் சொல்லுச்சு. கேட்டது என்னன்னு தெரியாம பதிலை மட்டும் வச்சுக்கிட்டு என்னண்ணே பண்றது?"

"அதான் நமக்கு இப்பச் சோலி. அந்தச் சொல்லைத் தேடுவோம். வெரசா நட."

பங்களாவின் பின்கட்டில் விறகுக் கொட்டகை. அதற்குள்ளே ரபியாவைப் போட்டு வெளியே தாழிட்டிருந்தார்கள். தாழை நீக்கியதும் அவள் எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுது முடித்த முகம். நசுருதீனைக் கண்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது, அவள் இருக்கும் அதே பஜார்க்காரன்.

"பயப்படாதம்மா," என்றார் சேனாதிபதி. "டாக்டர் என்னென்ன சொல் கேட்டார், நீ என்ன சொன்னே? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு."

"மழைன்னாரு. துணின்னேன், கொடியில காயப் போட்டது. அம்மான்னாரு. இருமல்னேன், எங்கம்மாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல்ங்கய்யா. பாலுன்னாரு, பூனைன்னேன். அதுக்கு மட்டும் சிரிச்சாரு. பெறகு வைரம்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"விறகுன்னேன்."

நசுருதீன் விழித்தான். "என்னது?"

"வைரம் பாஞ்ச கட்டைண்ணே. கோடாலி எறங்காது, கையெல்லாம் கொப்புளம். வைரம்னா எனக்கு அதான் ஞாபகம் வரும்."

சேனாதிபதி அவள் கையைப் பார்த்தார். பொய் இல்லை. வைரத் தோட்டைத் திருடினதாகச் சொல்லப்படுகிறவளிடம் வைரம் என்று சொன்னால் அவளுக்கு நினைவுக்கு வந்தது மரத்தின் உள்கட்டை. இதைக் கேட்டுவிட்டு அந்த டாக்டர் பேசாமல் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறார்.

"அதுக்கடுத்து?"

ரபியாவின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கடுத்துத்தான் சம்சுட்டன்னாரு. எனக்கு நெஞ்சு திக்குனுச்சு. மாமா பேரை எதுக்கு இந்த ஆளு இழுக்குறாரு, சம்சுட்ட என்ன, சம்சுட்டக் குடுத்தியான்னு கேக்க வர்றாரான்னு பயந்துட்டேன். வாயே வரல. அவரு வெரலால மேசையைத் தட்டுனாரு. மாமான்னு சொல்லிட்டேன்."

"சம்சு பேரை அவர் சொல்லியிருக்க முடியாதே. அவருக்கு அந்தப் பேரே நீ சொன்னப்புறம்தான் தெரியும்," என்றார் சேனாதிபதி. "நசுரு, டாக்டர் பைப்பைக் கடிக்கிற மாதிரி ஒரு குச்சியை எடுத்துப் பல்லுல கடி."

"பல்லு விளக்கிட்டுத்தாண்ணே வந்தேன்."

"கடிலே. அதைக் கடிச்சுக்கிட்டே நகைக்குச் சம்பந்தமா ஒவ்வொரு சொல்லாச் சொல்லு."

நசுருதீன் சவுக்குக் குச்சியைக் கடித்துக்கொண்டு 'சங்கிலி' என்றான். ரபியா தலையாட்டினாள், அது இல்லை. நகைப் பெட்டியை நினைத்து 'சந்தூக்கு' என்றான். இல்லை. 'சம்பந்தி' என்றான், அதுவும் இல்லை. குச்சியோடு சேர்ந்து எச்சில்தான் வழிந்தது. சேனாதிபதி விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து, சம்சுட்ட, சம்சுட்ட என்று வாய்க்குள் உருட்டினார். நகை இருக்கும் வீடு. பழனிக்காரர் வீடு. காலையில் குளித்துவிட்டு வந்ததும் அவருடைய அப்பா கட்டைவிரல் நகத்தால் மூடியைத் தட்டித் திறக்கிற சத்தம் நினைவில் கேட்டது.

"சம்புடம்," என்றார்.

"ஆமாய்யா, அதேதான். குச்சியைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா அப்படித்தான் கேக்கும்," என்றாள் ரபியா.

"அது யாருண்ணே?" என்று கேட்டான் நசுருதீன்.

சேனாதிபதிக்குச் சிரிப்பு வந்தது, அன்றைக்கு அது ஒன்றுதான். "பாத்தியா, உனக்கும் அது ஓர் ஆளாத்தான் கேக்குது. விபூதி வைக்கிற வெள்ளிச் சிமிழ்டா. எங்க வீட்டுல சம்புடம்போம்."

"எங்க வீட்டுல டப்பி. நீங்க சாமி கும்புடுறதுக்கு வாங்கி வச்ச வார்த்தையில எங்க வீட்டுப் புள்ள வழுக்கி விழுந்துருச்சா?"

"நீ சாமி ரூமுக்குள்ள போறதுண்டா?" என்று ரபியாவிடம் கேட்டார் சேனாதிபதி.

"வாசப்படிக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன். உள்ள போனா அம்மா தண்ணி தெளிச்சுக் கழுவுவாக."

சேனாதிபதி எழுந்தார். ரபியா ஏன் தயங்கினாள் என்பது தெரிந்துவிட்டது. தெரியாதது, வைரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சம்புடத்தை டாக்டர் ஏன் வைத்தார் என்பது. பீரோவிலிருந்து நகை போயிற்று என்றால் பீரோ, பூட்டு, சாவி என்று கேட்க வேண்டியதுதானே.

சுந்தராம்பாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பளிச் சால்வைக்கு மேலும் நகை தெரியும்படி உட்காரத் தெரிந்த அம்மாள்.

"தோடு எங்கே இருந்தது?"

"எத்தனை தரம் சொல்றது? பீரோவுல."

"சரிங்கம்மா. நானும் பழனிதான். மலையேறி வந்ததுலேருந்து நெத்தி வெறிச்சோடிக் கெடக்கு. கொஞ்சம் விபூதி குடுங்க."

உள்ளே போனவள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். சேனாதிபதி இட்டுக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முருகன் பேரைச் சொல்லிக் கடை வச்ச வீடு. விபூதிக்குப் பொட்டலமாம்மா? வெள்ளிச் சம்புடம் எங்கே?"

"மெருகு போடக் குடுத்திருக்கு."

"யாருகிட்ட?"

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சேனாதிபதி காத்திருந்தார், போலீசில் கற்றுக்கொண்ட உருப்படியான வித்தை அது ஒன்றுதான். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள். தோடு பீரோவில் இல்லை, சம்புடத்தில்தான் இருந்தது. விபூதிக்கு அடியில் அவளே புதைத்து வைத்திருந்தாள். தோடும் போய்ச் சம்புடமும் போயிற்று.

"யாருக்குப் பயந்து அங்கே ஒளிச்சீங்க?"

"திருடனுக்குத்தான்."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"எந்தப் பிராணிகிட்டயும் சொல்லல. போலீசுக்கே சொல்லல."

வெளியே வந்ததும் நசுருதீன் துள்ளினான். "சிக்கிட்டாருண்ணே. யாருக்கும் தெரியாத சம்புடம் டாக்டருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? எடுத்தவனுக்குத்தானே தெரியும். ஊரார் மனசைத் தோண்டப்போயித் தன் மடியை அவுத்துக் காட்டிட்டாரு."

"நாச்சிமுத்துவைக் கூட்டிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு வா," என்றார் சேனாதிபதி. கணக்கு அழகாக விழுந்துவிட்டது. அளவுக்கு மீறி அழகாக விழுகிற கணக்கில் அவருக்கு நம்பிக்கை குறைவு.

டாக்டர் வீட்டில் இன்னொருவனும் இருந்தான். சுந்தராம்பாளின் மகன் பொன்னுச்சாமி. பட்டுச் சட்டை, ஆங்கிலேயன் போட்டு விட்டதுபோல ஒரு கோட்டு, கையில் டீக் கோப்பை. பள்ளங்கி கிராமத்துப் பக்கம் அவன் கொடுக்கிற நிலத்தில் டாக்டர் மனநல நிலையம் கட்டப்போகிறார் என்பது பஜாருக்கே தெரிந்த சேதி. நாச்சிமுத்து தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

சேனாதிபதி சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர், ரபியாகிட்ட நீங்க கேட்ட சொல் சம்புடம். தோடு சம்புடத்துல இருந்தது அந்த அம்மாளுக்கும் எடுத்தவனுக்கும்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நாச்சிமுத்துவின் தொப்பி கையில் வந்துவிட்டது. டாக்டர் பயப்படுவார் என்று எதிர்பார்த்தால், அவர் சிரித்தார். மனசாரச் சிரித்தார்.

"நான் திருடன்னு முடிவு கட்டிட்டீங்களா? பாமரத்தனம். என் சோதனை எவ்வளவு கூர்மையானதுன்னு உங்களுக்குப் புரியலை. வைரம்னு நான் எல்லார்கிட்டயும்தான் கேட்டேன். ஒருத்தர் காதுன்னாங்க. ஒருத்தர் மோதிரம்னாங்க. அந்தப் பெண் விறகுன்னு உளறினா. ஒரே ஒருத்தர் மட்டும் யோசிக்காம சம்புடம்னார். யாராவது வைரத்துக்குச் சம்புடம்னு சொல்வாங்களா? அப்பவே பிடிச்சுட்டேன். அடுத்து வந்தவங்ககிட்ட அதைக் கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். சயன்ஸ் பொய் சொல்லாது மிஸ்டர்..."

அங்கே நிறுத்தினார். பைப் பல்லோடு அப்படியே நின்றது. அறையில் டீக் கோப்பை தட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் பொன்னுச்சாமியைப் பார்த்தார்கள்.

"சயன்ஸ் பொய் சொல்லாது," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார் சேனாதிபதி. "சரிதான். கள்ளனை அது காட்டிக் குடுத்துருச்சு. ரபியா உங்க முன்னாடி வந்து உக்கார்றதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியும்."

அவர் தலைக்குள் கட்டியிருந்த கணக்கு தலைகீழாகக் கவிழ்ந்தது. டாக்டர் போலி என்று நினைத்திருந்தார். போலியாக இருந்திருந்தால் தேவலையே. வித்தை மெய்யாகவே தெரிந்த ஆள், மெய்யாகவே திருடனைக் கண்டுபிடித்துவிட்டு, அவனோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார். தெரியாத சொல் ஒன்றுக்குத் திகைத்த வேலைக்காரப் பெண்ணைப் பிடித்துக் கயிற்றில் கட்டிவிட்டிருக்கிறார்.

"எதுக்கு டாக்டர்?"

"நீங்க எமோஷனலாப் பேசறீங்க," என்றார் டாக்டர். குரலில் வெட்கம் இல்லை, பாடம் நடத்துகிற பொறுமை இருந்தது. "பொன்னுச்சாமிக்கு வசதிக்கு என்ன குறைச்சல்? இது ஒரு மனக்கோளாறு. தாயோட அன்பைத் தேடற மனசு தாயோட நகையை எடுக்குது. டிரீட்மென்ட் கொடுத்தாச் சரியாயிடும். வெளியே தெரிஞ்சா அவர் பர்சனாலிட்டியே உடைஞ்சுபோகும். அந்தப் பெண் அப்படியில்லை. அந்த மாதிரி இடத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு எடுக்கத்தான் தோணும். இவருக்கு அது நோய். அவளுக்கு அது குணம்."

சேனாதிபதிக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. தரையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்து, அது என்ன பாவம் செய்தது என்று விழுங்கிக்கொண்டார்.

பொன்னுச்சாமி கோப்பையை வைத்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து சம்புடத்தை எடுத்தான். ஒளித்து வைக்கக்கூட மெனக்கெடவில்லை. "எங்க வீட்டுப் பொருள், நான் எடுத்தேன். எஸ்.ஐ. சார், அம்மாவைக் கேட்டுக்கிட்டு எழுதுங்க," என்று மேசைமேல் வைத்தான். நாச்சிமுத்து தொப்பியைத் தலையில் மாட்டினார், மறுபடி எடுத்தார், கடைசிவரை எதையும் எழுதவில்லை.

பங்களாவுக்குப் போய் அம்மாவைக் கேட்டார்கள். சுந்தராம்பாள் சம்புடத்தைத் திறந்து, விபூதியைக் கிளறி, தோடு இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிறகு, "கேஸு வேண்டாம்," என்றாள்.

"மகன்னு உங்களுக்கு முன்னமே தெரியும். அவனுக்குப் பயந்துதான் அங்கே ஒளிச்சீங்க," என்றார் சேனாதிபதி.

"தெரிஞ்சா என்ன? சம்பந்தி வீட்டுல தோடு எங்கேன்னு கேட்டா யாரைக் கை காட்டுறது? மாப்பிள்ளைக்கு மச்சினன் கள்ளன்னா பொண்ணைக் கட்டுவாகளா?" அவள் ஏதோ பருப்பு விலை பேசுவதுபோலப் பேசினாள். பின்கட்டைப் பார்த்து, "ஏ புள்ள ரபியா, நீ போகலாம். நாளைக்கு வெள்ளனே வந்துரு, விறகு எதுவும் பொளக்காமக் கெடக்கு," என்றாள்.

ரபியா கொட்டகை வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு இவர்களோடு நடந்தாள்.

பஜாருக்கு இறங்குகிற பாதையில் பனிமூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. நசுருதீன் தன் மப்ளரைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "சம்சு மாமா கடையைத் தொறந்திருப்பாரு. உன்னைப் பாத்தா ஒரு மூடை கிழங்கைச் சும்மாவே அள்ளிக் குடுப்பாரு, பஜாரே கூடி வாங்கிக்கிரும்," என்றான். அவள் சிரிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "ஐயா," என்றாள்.

"சொல்லும்மா."

"நர்சு படிப்புல மொத வருசம் முடிஞ்சா மருந்து அலமாரிச் சாவியைக் கையில குடுப்பாகளாம். விலை ஒசந்த மருந்தெல்லாம் அதுலதான் இருக்குமாம். நான் அதை வாங்கலாமாய்யா?"

"ஏன் வாங்கக் கூடாது?"

"எடுத்தது நான் இல்லைன்னு ஆயிருச்சு. ஆனா எனக்கே தெரியாம உள்ளுக்குள்ள அது கெடக்குன்னு டாக்டரு நேத்து என்கிட்டச் சொன்னாரே. எடுக்காட்டியும் உள்ள கெடக்குறது கெடக்கத்தானே செய்யும்?"

சேனாதிபதி நசுருதீனைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் குனிந்து, பாதையில் கிடந்த கல் ஒன்றை ஓரமாகத் தள்ளினான்.

"உள்ள அப்படி ஒண்ணும் இல்லம்மா. அந்த ஆள் சொன்னது பொய். சாவியைத் தாராளமா வாங்கு."

அவள் நின்றாள். அவர் முகத்தை மரியாதையாகத்தான் பார்த்தாள்.

"நீங்க டாக்டரு மாதிரி அதுக்குப் படிச்சிருக்கீகளாய்யா?"